பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரையில் தலைமை அலுவலகம். திருநெல்வேலி, தேனி, சேலம், ஓசூர் என்று கிளைகள், பாலக்காட்டில் ஒரு குடோன். கிளைக்கொரு பில்லிங் சாஃப்ட்வேர், மாதக் கடைசியில் எல்லாம் எக்செல் கோப்பாக மதுரைக்கு மெயிலில் வரும். "இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவா" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் மேலே படியுங்கள்.

இதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும், அதாவது எல்லாக் கிளைகளின் தரவையும் சேமித்து, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த விடும் மென்பொருள். இதே வேலை என்னிடம் வந்தபோது தேடிக் கிடைத்ததெல்லாம் எது வேகம், எதில் எத்தனை வசதி என்ற ஒப்பீட்டு அட்டவணைகள்தான். ஒரு நாளைக்குச் சில நூறு பில் போடும் நிறுவனத்துக்கு வேகம் ஒரு கேள்வியே இல்லை, எந்த டேட்டாபேஸும் தாங்கும். இன்டர்நெட் லைன் போனால் என்ன செய்வது, பேக்கப்பை யார் பார்ப்பது, ஆடிட்டர் என்ன கேட்பார் என்பதில்தான் காலமும் காசும் போகிறது. அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வெண்டரைக் கூப்பிடுவதற்கு முன் கிளைகளிடம் பேசுங்கள்

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அங்கே எத்தனை பேர் ஒரே நேரத்தில் கணினியில் வேலை செய்கிறார்கள், பில் மட்டும் போடுகிறார்களா, ஸ்டாக்கும் பார்க்கிறார்களா, இன்டர்நெட் லைன் யாருடையது, கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி. "லைன் இல்லாமல் எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்?" என்று நேராகக் கேட்டால் எல்லாக் கிளைகளும் "ஒரு நிமிஷம்கூட முடியாது சார்" என்றுதான் சொல்லும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "போன தடவை லைன் போனபோது என்ன செய்தீர்கள்?" தேனியில் ரோடு தோண்டிய பொக்லைன் கேபிளை அறுத்த அன்று, பில் புத்தகத்தில் கையால் எழுதி, மாலையில் உட்கார்ந்து ஏற்றினார்கள் என்று பதில் வரும். அப்படியானால் அந்தக் கிளை அரை நாள் தாங்கும். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அந்த அரை நாள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிகளுக்கு இ-இன்வாய்ஸ்தான் போட வேண்டும். அதற்குரிய எண்ணை அரசு போர்ட்டலிலிருந்துதான் வாங்க முடியும். அதாவது நெட் இல்லாவிட்டால் அந்தப் பில்லை எப்படியும் முடிக்க முடியாது. "நெட் இல்லாமலும் ஓட வேண்டும்" என்று ஒரு பெரிய சிஸ்டத்துக்குப் பணம் கொட்டுவதற்கு முன் உங்கள் பில்களில் எத்தனை இந்த வகை என்று பாருங்கள். எங்களிடம் பெரும்பாலானவை இந்த வகைதான், பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

2. ஒரே மையமா, கிளைக்கொன்றா?

புதியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். லைன் போய்விடுமே என்ற பயத்தில் கிளைக்கொரு டேட்டாபேஸ் வைத்து, இரவில் ஒன்றோடொன்று ஒத்திசைக்கலாம் என்ற யோசனை முதலில் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திருநெல்வேலியும் சேலமும் ஒரே வாடிக்கையாளரின் முகவரியை ஒரே நாளில் மாற்றினால் எது செல்லும்? மதுரையில் கடைசியாக இருந்த பத்து மூட்டையை இரண்டு கிளைகளும் விற்றுவிட்டால்? இதற்கெல்லாம் விதி எழுத வேண்டும், இரவில் ஒத்திசைவு பாதியில் நின்றால் காலையில் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா?

என் யோசனை: ஒரே மைய டேட்டாபேஸ், கிளைக்கு இரண்டு லைன். இரண்டாவது லைனுக்கான மாதச் செலவு, ஒத்திசைவைக் கவனிக்கும் ஒருவரின் சம்பளத்தில் சிறு துண்டுதான். ஒரு எச்சரிக்கை: இரண்டு கம்பெனிகளின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் அது ஒரு லைன்தான். ஒன்று ஃபைபர், இன்னொன்று வேறு கம்பெனியின் 4ஜி அல்லது 5ஜி சிம் என்று வையுங்கள். லைன் மாறுவதை ரௌட்டரே பார்த்துக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

மையமாக வைக்கும்போது வரும் வேகப் பிரச்சினை டேட்டாபேஸின் வேகத்தால் வருவதில்லை, தூரத்தால் வருகிறது. கிளைக் கணினியில் ஓடும் பழைய பாணி சாஃப்ட்வேர் ஒரு லெட்ஜரைத் திறக்க 200 தடவை டேட்டாபேஸைக் கேட்கிறது என்று வையுங்கள். ஒரே அறையில் சர்வர் இருந்தால் கேள்விக்கு 1 மில்லிசெகண்ட், மொத்தம் 0.2 வினாடி. அதே சர்வர் வேறு ஊரில் இருந்து கேள்விக்கு 40 மில்லிசெகண்ட் ஆனால் 8 வினாடி. உள்ளூரில் டெமோ பார்த்துவிட்டு வாங்கினால் இது தெரியவே தெரியாது. தீர்வு எளிது: சாஃப்ட்வேரின் சர்வர் பகுதியும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கிளைக்கு வெறும் பிரவுசர் போதும். பிரவுசரில் ஓடாத சாஃப்ட்வேர் என்றால் ரிமோட் டெஸ்க்டாப் (மையக் கணினியின் திரையைக் கிளையில் காட்டும் முறை) வழியாக ஓட்டலாம், ஆனால் அதற்கு ஆளுக்கொரு லைசன்ஸ் தனியாக வாங்க வேண்டும். கொட்டேஷனில் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

சரி, உண்மையிலேயே லைன் இல்லாத இடத்தில் ஒரு கிளை இருக்கிறது என்றால்? அப்போது தரவு ஒரு திசையில் மட்டும் போகட்டும். விலைப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் மையத்திலிருந்து கீழே வரும், பில் மட்டும் கிளையிலிருந்து மேலே போகும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் திருத்த விடாதீர்கள். தானாக 1, 2, 3 என்று ஏறும் எண்ணைப் பதிவின் அடையாளமாக வைத்தால் இரண்டு கிளைகளிலும் 501 இருக்கும். கிளைக் குறியையும் சேர்த்து அடையாளமாக்குங்கள்.

பில் எண்ணும் அப்படித்தான். ஜிஎஸ்டி விதிப்படி அது 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. மூன்றெழுத்துக் கிளைக் குறி, ஒரு சாய்கோடு, 25-26, இன்னொரு சாய்கோடு, ஆறு இலக்க எண் என்று வைத்தால் சரியாக 16. நான்கெழுத்துக் குறி வைத்தால் இடிக்கும். இன்னொன்று: பாலக்காடு கேரளாவில் இருப்பதால் அதற்குத் தனி ஜிஎஸ்டி பதிவு. கிளை வேறு, ஜிஎஸ்டி பதிவு வேறு என்று டேட்டாபேஸிலேயே இரண்டு புலங்களாக (ஃபீல்டுகளாக) பிரித்துவிடுங்கள்.

3. உங்கள் தரவை அளந்து பாருங்கள், குறிப்பாகத் தமிழை

எல்லாக் கிளைகளின் கோப்புகளையும் சேர்த்து எத்தனை ஜிபி, ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஸ்கேன் செய்த பில் படங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றை டேட்டாபேஸுக்கு வெளியே ஃபோல்டரில் வைப்பதுதான் நல்லது. படங்களைக் கழித்தால் பெரும்பாலான நிறுவனங்களின் தரவு ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது.

தமிழில் பெயர், முகவரி வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 'திருநெல்வேலி' கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது முறை) 12 குறியீடுகள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 36 பைட். (இனி வரும் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் எல்லாம் டேட்டாபேஸ்களின் பெயர்கள், அடுத்த படியில் விரிவாகச் சொல்கிறேன்.) ஆரக்கிளில் புலத்தின் நீளத்தைச் சொன்னால் அது இயல்பாகப் பைட் கணக்கில் எடுத்துக்கொள்ளும், 50 என்று போட்ட புலத்தில் கொஞ்சம் நீளமான தமிழ் ஊர்ப் பெயர் நுழையாது. எஸ்க்யூஎல் சர்வரில் வார்ச்சார் என்ற சாதாரணப் புல வகையில் இயல்பான அமைப்போடு தமிழை ஏற்றினால் வரிசையாகக் கேள்விக்குறி வரும், என்வார்ச்சார் என்ற வகை வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பைக் கேளுங்கள். போஸ்ட்கிரஸில் டேட்டாபேஸ் உருவாக்கும்போதே யுடிஎஃப்8 என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

தேடல் இன்னொரு தலைவலி. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றை ஒகரக் குறியோடு, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கொடைக்கானல் என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள் வர மாட்டார்கள். தரவு உள்ளே போகும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், போஸ்ட்கிரஸ் 13 முதல் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 'ஸ்ரீ' இதைவிட மோசம், ஸகரத்தோடும் ஶகரத்தோடும் இரண்டு விதமாக வரும், அந்த ஃபங்ஷனும் இதைச் சேர்த்து வைக்காது. மாற்று விதியை நீங்களே எழுத வேண்டும்.

பழைய கோப்புகளில் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்த பெயர்கள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையைத் தனி வரியாகக் கொட்டேஷனில் போடச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு கிளை ஆள் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

4. பட்டியலைச் சுருக்குங்கள்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு: வேண்டாம். 2 ஜிபி உச்சவரம்பு ஒரு புறம், தூரத்து லைனில் திறந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். எஸ்க்யூஎல்லைட் என்ற சிறு டேட்டாபேஸ் ஒரே கணினிக்கு அருமையானது, நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பலர் எழுதுவதற்கு ஏற்றதல்ல.

எஸ்க்யூஎல் சர்வர்: உங்கள் சாஃப்ட்வேர் விண்டோஸைச் சார்ந்தது, ஊரில் இதைத் தெரிந்த ஆள் கிடைக்கிறார் என்றால் நல்ல தேர்வு. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 2022 பதிப்பு வரை 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி. ஆனால் எக்ஸ்பிரஸில் நேரம் வைத்துத் தானாகப் பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நாமேதான் அமைக்க வேண்டும். டெவலப்பர் பதிப்பும் இலவசம்தான், எல்லா வசதியும் இருக்கும், ஆனால் உண்மையான வேலைக்கு அதை ஓட்ட லைசன்ஸ் அனுமதிக்காது. "ஃப்ரீயாகவே போட்டுத் தருகிறேன்" என்று வெண்டர் சொன்னால் எந்தப் பதிப்பு என்று எழுதி வாங்குங்கள்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி: வெப் சாஃப்ட்வேர் எழுதும் பையன்கள் எல்லாருக்கும் தெரியும், ஆள் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. மைஎஸ்க்யூஎல் 8.0-இன் ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான், 8.4-க்குக் குறைந்த எதையும் ஏற்காதீர்கள். இலவசப் பதிப்பில், யார் எதை மாற்றினார் என்று பதிவு செய்யும் அதிகாரபூர்வ ஆடிட் பிளகின் இல்லை, மரியாடிபியில் உண்டு. அடுத்த படியில் இது ஏன் முக்கியம் என்று வரும்.

போஸ்ட்கிரஸ்: புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு நான் சொல்வது இதைத்தான். லைசன்ஸ் செலவு இல்லை, அளவு வரம்பு இல்லை, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு. தெரிந்த ஆள் சின்ன ஊர்களில் குறைவு என்பதுதான் குறை. உங்கள் ஊரில் இருவராவது கிடைக்கிறார்களா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் வெளிநாடு போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 12 ஜிபி தரவு, 2 ஜிபி நினைவகம் என்ற வரம்போடு வருகிறது. வரம்பைத் தாண்டிய பிறகு காசு கொடுக்க வேண்டிய தொகை இந்த அளவு நிறுவனத்துக்குப் பொருந்தாது. பல ஊர்களில் தானே பரவி ஓடும் புதுவகை டேட்டாபேஸ்கள் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஐந்து கிளைக்கு அது வேண்டாம்.

டேலி ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு டேலியில் இருக்கட்டும், பில்லும் ஸ்டாக்கும் புதிய டேட்டாபேஸில், தினம் ஒருமுறை தொகை டேலிக்குப் போகட்டும். கணக்குப் பிரிவு உங்களை எதிர்க்காது.

5. ஆடிட்டரை இப்போதே கூப்பிடுங்கள்

எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டால் பாதியை இடிக்க வேண்டி வரும். நிறுவனம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால் இவை பொருந்தும்:

2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் திரை வழியாகச் செய்த மாற்றம் மட்டும் பதிவானால் போதாது. டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் ஒரு தொகையைத் திருத்தினாலும் தெரிய வேண்டும் என்று ஆடிட்டர் கேட்பார். போஸ்ட்கிரஸில் பிஜிஆடிட் என்ற துணைநிரல் இதைச் செய்யும், எஸ்க்யூஎல் சர்வரில் உள்ளேயே இருக்கிறது.

மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும், இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும். கிளவுடில் (பெரிய கம்பெனிகளின் வாடகைச் சர்வரில்) வைப்பதானால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனம். அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத். மைக்ரோசாஃப்டுக்குச் சென்னை, புனே, மும்பை. கூகுளுக்கு மும்பை, டெல்லி. கணக்குத் திறக்கும்போது இயல்பாக வேறு நாடு தேர்வாகி இருக்கலாம்.

கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். இனி வருபவை கம்பெனியாகப் பதிவாகாத நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். சைபர் தாக்குதல் நடந்தால் சிஇஆர்டி-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், சர்வர் லாக்குகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களை வெளி ஆள் கையாள்கிறார் என்றால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவரோடு செல்லுபடியாகும் ஒப்பந்தம் கேட்கிறது, இப்போதே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

6. கொட்டேஷனும் காகிதங்களும்

எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்டாண்டர்ட் பதிப்பைக் கோர் (பிராசஸரின் உட்பகுதி) கணக்கில் வாங்கினால் குறைந்தது 4 கோர். 2022 பதிப்பின் பட்டியல் விலைப்படி ஏறக்குறைய 7,900 டாலர், நம் கையில் ஏழு லட்சம் ரூபாயை ஒட்டி வரும், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஆள் கணக்கில் லைசன்ஸ் வாங்கும் இன்னொரு முறையும் உண்டு. பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் அது மலிவு, இரண்டுக்கும் விலை கேளுங்கள். போஸ்ட்கிரஸில் இந்த வரி பூஜ்யம், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஏஎம்சிக்கு (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு) ஒதுக்குங்கள். லைசன்ஸும் இல்லை ஆளும் இல்லை என்று விட்டால் ஒரு நாள் எல்லாம் நிற்கும்.

கொட்டேஷனில் தனித்தனி வரியாகக் கேட்க வேண்டியவை: சர்வர் அல்லது கிளவுட் மாத வாடகை, விண்டோஸ் சர்வர் லைசன்ஸ், ஆளுக்கான லைசன்ஸ், பேக்கப் இடம், பழைய தரவை மாற்றும் வேலை, கிளைகளில் பயிற்சி, கிளைக்கான ரௌட்டரும் விபிஎன் (இன்டர்நெட் வழியே போகும் தனிப் பாதுகாப்பான இணைப்பு) அமைப்பும், இரண்டாம் ஆண்டு முதல் ஏஎம்சி. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே வரியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டாம் ஆண்டில்தான் அதன் உண்மையான விலை தெரியும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை. தரவு நிறுவனத்துக்குச் சொந்தம், கேட்டால் 7 நாளில் பொதுவான வடிவத்தில் தர வேண்டும். எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்ற விவரக் குறிப்பைத் தர வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு சீல் வைத்த கவரில் நம் பெட்டகத்தில் இருக்க வேண்டும். எங்கள் பழைய வெண்டரிடமிருந்து அந்தப் பாஸ்வேர்டை வாங்கக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட வேண்டியிருந்தது. அதுவரை எங்கள் தரவை நாங்களே எடுக்க முடியவில்லை.

7. பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, மிகத் தொலைவிலுள்ள கிளையில், அதன் சிம் லைனில், மாதக் கடைசி நாளில் ஓட்டிப் பாருங்கள். மதுரையில் வெண்டரின் லேப்டாப்பில் பார்த்த டெமோ கணக்கில் வராது.

இரண்டாவது, பில் போடும்போது சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். வெண்டர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மறுபடி ஓட்டினால் சேமித்த பில் எல்லாம் இருக்க வேண்டும், பாதியில் நின்ற பில் சுவடே இல்லாமல் போயிருக்க வேண்டும். பாதி பில் இருந்தால் தோல்வி.

மூன்றாவது, நேற்றைய பேக்கப்பை ஒரு வெற்றுக் கணினியில் ஏற்றச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். கிளைகளிடம் வாங்கிய அந்த அரை நாளுக்குள் முடிகிறதா? பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதை ஏற்றிப் பார்த்தவர்கள் குறைவு. பேக்கப்பின் ஒரு நகல் சர்வரிலிருந்து எட்ட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வரைப் பூட்டும் வைரஸ் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டும்.

இதோடு ஒரு சின்னச் சோதனை: அலுவலகத்துக்கு வெளியே உங்கள் செல்போன் நெட்டிலிருந்து டேட்டாபேஸின் போர்ட்டை (உள்ளே நுழையும் வாசல் எண்ணை) தொட முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433. திறந்திருந்தால் உடனே மூடி, விபிஎன் வழியாக மட்டும் விடச் சொல்லுங்கள்.

8. எப்போது மாறுவது?

ஏப்ரல் 1 எல்லாருக்கும் பிடித்த தேதி. கணக்குப் பிரிவு ஆண்டு முடிவு வேலையில் மூழ்கியிருக்கும் நேரமும் அதுதான். பில் எண் வரிசையை நடு ஆண்டில் மாற்றலாம், ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. அதனால் தீபாவளி, பொங்கல் சரக்கு ஓட்டம் இல்லாத ஒரு மாதத்தின் 1-ஆம் தேதியைத் தேர்ந்தெடுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் 11, 20 தேதிகளில் போக வேண்டும் என்பதால் 20-க்குப் பின் பயிற்சி, மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணிக்கை, 1-ஆம் தேதி மாற்றம் என்று வையுங்கள்.

எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் சின்னக் கிளை ஒன்று, ஒரு முழு மாதம். அந்த மாதத்தின் ஜிஎஸ்டி தொகை பழைய முறைக்கும் புதியதற்கும் ரூபாய் பைசாவோடு ஒத்துப்போன பிறகு அடுத்த கிளை. பாலக்காட்டைக் கடைசியில் வையுங்கள்.

பழைய கணினிகளை உடனே எடைக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தரவைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷினாக (கோப்பாகச் சேமித்து வேறு கணினிக்குள் ஓட்டக்கூடிய கணினியாக) மாற்றி, அந்தப் பழைய சாஃப்ட்வேரின் லைசன்ஸ் சாவியோடும் பாஸ்வேர்டோடும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று மதுரையில், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். மேலே சொன்ன 8 நிதியாண்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும்.